ஹாபிட் முதல் படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீட்டர் ஜாக்ஸன் இயக்கி 2012 டிசம்பரில் வெளிவந்த ‘தி ஹாபிட்: ஆன் அன்எக்ஸ்பெக்டட் ஜர்னி’ படத்தைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். படம் பார்க்காதவர்கள் குழந்தைகள் பற்றிய கேள்வியோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்குப் பிறகு கதையை மறைக்காமல் பேசியிருக்கிறேன்.

முதல்ல வந்தது ஹாபிட்டா, லார்ட் ஆஃப் த ரிங்ஸா? ரொம்பக் குழப்பமா இருக்கு.

புத்தகமாக முதலில் வந்தது ஹாபிட். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் சிறுவர்களுக்காக எழுதிய அந்தக் கதை 1937 செப்டம்பரில் லண்டனில் வெளியானது. நன்றாக விற்றதால் பதிப்பாளர் தொடர்ச்சி கேட்டார். அதற்காக எழுத உட்கார்ந்தது வளர்ந்து வளர்ந்து 1954-55இல் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் என்ற பெருங்கதையாக வந்தது.

திரையில் வரிசை தலைகீழ். லார்ட் ஆஃப் த ரிங்ஸ் மூன்று படங்களும் 2001 முதல் 2003 வரை வந்துவிட்டன. அவற்றுக்கு 60 ஆண்டுகளுக்கு முன்பு நடந்த கதையாக ஹாபிட் 2012இல் வந்தது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதி சந்தேகங்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அப்போ எதை முதல்ல பார்க்கறது?

வெளிவந்த வரிசையில் பாருங்கள் என்பேன். பாதாளத்தின் இருட்டில் பில்போ ஒரு மோதிரத்தை எடுத்துப் பையில் போடும்போது நமக்கு உடம்பு சிலிர்க்க வேண்டுமானால், அது என்ன மோதிரம் என்று நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கதை தெரிந்தவர்களை மனதில் வைத்தே படம் எடுக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் மட்டும் ஹாபிட்டில் தொடங்கலாம். அதைவிட நல்லது, புத்தகத்தை வாசித்துக் காட்டிவிட்டுப் படத்தைப் போடுவது.

கதை என்னன்னு சுருக்கமா சொல்லுங்களேன்.

ஹாபிட் என்பவர்கள் மனிதரில் பாதி உயரமும் ரோமம் அடர்ந்த பாதங்களும் கொண்ட, வயலையும் விருந்தையும் விரும்பும் அமைதியான மக்கள். அவர்களில் ஒருவர் பில்போ பேகின்ஸ். வயது ஐம்பது, வசதியான வீடு, வேளாவேளைக்குச் சாப்பாடு, ஊரை விட்டு நகராத வாழ்க்கை. ஒருநாள் கேண்டால்ஃப் என்ற மந்திரவாதி வருகிறார். மறுநாள் மாலை அழைக்காமலேயே 13 குள்ளர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து வீட்டிலிருக்கும் உணவையெல்லாம் காலி செய்கிறார்கள். ஸ்மாக் என்ற டிராகன் அவர்களுடைய எரெபோர் மலை நகரத்தைப் பிடித்து, அதன் பொற்குவியல் மேல் படுத்திருக்கிறது. அதை மீட்கப் போகிறார்கள், கூட வர ஒரு திருடன் வேண்டும், அந்தத் திருடன் பில்போதான் என்கிறார் கேண்டால்ஃப்.

முதல் படம் இந்தப் பயணத்தின் முதல் பகுதிதான். மலையைத் தூரத்தில் பார்ப்பதோடு முடிகிறது.

பதிமூணு பேரும் ஒரே மாதிரி தாடியோட இருக்காங்க. யார் யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

புத்தகத்தில் டோல்கீன் பெரும்பாலும் தலைமுக்காட்டின் நிறத்தை வைத்தே இவர்களைப் பிரித்துக் காட்டுகிறார். படத்தில் முடி, தாடி, ஆயுதம் என்று ஒவ்வொருவருக்கும் தனி உருவம் கொடுத்து நிறைய உழைத்திருக்கிறார்கள். எல்லாரையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. தலைவன் தோரின், ரிச்சர்ட் ஆர்மிடேஜ் நடித்தது. வெள்ளைத் தாடி வைத்த மூத்தவர் பாலின். அவருடைய தம்பி, மொட்டைத் தலையில் பச்சை குத்திய ட்வாலின். இளைஞர்களான ஃபிலியும் கிலியும் தோரினின் சகோதரி மகன்கள். காதை மூடும் தொப்பி போட்டவர் போஃபுர், மிகப் பருமனானவர் பாம்புர், நெற்றியில் கோடரித் துண்டு பதிந்திருப்பவர் பிஃபுர்.

குளோயினைக் கவனித்துப் பாருங்கள். லார்ட் ஆஃப் த ரிங்ஸில் வரும் கிம்லியின் அப்பா அவர்தான், முகச்சாயலையும் அதற்கேற்ப அமைத்திருக்கிறார்கள்.

குழந்தைகளோட உட்கார்ந்து பார்க்கலாமா?

பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. அமெரிக்காவில் 13 வயதுக்குட்பட்டவர்கள் விஷயத்தில் பெற்றோர் கவனம் தேவை என்ற சான்றிதழோடு வந்த படம். போர்க்களத்தில் ஒரு தலை வெட்டப்பட்டு உருண்டு வரும் காட்சி உண்டு, காப்ளின் என்ற கொடிய பூதங்களின் குகையில் வெட்டும் குத்தும் நிறைய. சின்னப் பிள்ளைகள் பயப்படலாம். நீளத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள்: 169 நிமிடம்.

அவ்வளவு சின்னப் புத்தகத்துக்கு எதுக்கு மூணு படம்? காசுக்குத்தானே?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். புத்தகத்தில் 19 அத்தியாயங்கள். முதல் படம் அதில் ஆறு அத்தியாயங்களைச் சொல்கிறது. முதலில் இரண்டு படங்கள் என்றுதான் திட்டம். படப்பிடிப்பு 2011 மார்ச்சில் தொடங்கி 2012 ஜூலையில் முடிந்தது. அதே ஜூலை மாதக் கடைசியில்தான் மூன்று படங்களாக வரும் என்று அறிவித்தார்கள். முதல் படம் திரைக்கு வர ஐந்து மாதம்கூட இல்லை. இரண்டுக்கென்று எழுதிய கதையை நடுவழியில் மூன்றாகப் பிரித்ததால், முதல் படத்தில் சில இடங்கள் இழுக்கின்றன. பில்போவின் வீட்டை விட்டுக் கிளம்பவே ரொம்ப நேரமாகிறது என்று சொல்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன்.

பணம் ஒரு காரணம்தான், உலக அளவில் முதல் படம் மட்டுமே 100 கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் முக்கியமான சிக்கலைத் தவறவிடுவோம். டோல்கீன் ஹாபிட்டை எழுதியபோது அவர் மனதில் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் இல்லை. ஜாக்ஸன் படமெடுத்தபோது பார்வையாளர்கள் எல்லார் மனதிலும் அது இருந்தது. சிறுவர் கதையாக எடுத்தால் முந்தைய படங்களோடு ஒட்டாது, பெருங்காவியமாக எடுத்தால் மூலக் கதையின் குறும்பு போய்விடும். டோல்கீனே 1960இல் ஹாபிட்டை லார்ட் ஆஃப் த ரிங்ஸின் தொனிக்கு மாற்றித் திரும்ப எழுத உட்கார்ந்தார். சில அத்தியாயங்கள் எழுதியதும், நன்றாக இருந்தாலும் இது ஹாபிட் இல்லை என்ற கருத்து வர, அப்படியே கைவிட்டார். எழுதியவரே நிறுத்திய வேலையைத்தான் ஜாக்ஸன் கையில் எடுத்தார். படத்தின் குறைகளைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுவதுதான் நியாயம்.

அந்த வெள்ளை ஓர்க், ஒரு கை இல்லாதவன், புத்தகத்துல உண்டா?

பெயர் உண்டு, துரத்தல் இல்லை. அவன் அஸோக், ஓர்க் என்ற கொடிய இனத்தின் தலைவன். தோரினின் தாத்தா த்ரோரைக் கொன்றவன். இந்தப் பழைய பகை லார்ட் ஆஃப் த ரிங்ஸின் பின்னிணைப்பில் விரிவாக இருக்கிறது. ஆனால் அங்கே அஸோக், பில்போ கதைக்கு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, மோரியா என்ற பழைய குள்ளர் நகரத்தின் வாசலில் நடந்த போரில் டெயின் என்ற குள்ளன் கையால் செத்துப்போகிறான். படத்தில் அவனைக் கையை மட்டும் இழக்க வைத்து உயிரோடு விட்டிருக்கிறார்கள்.

காரணம் எளிது. டிராகன் மலைக்குள் தூங்குகிறது. முதல் படம் முழுக்க எதிரி என்று கண்முன் நிற்க ஒருவன் தேவை. மானு பென்னெட்டின் நடிப்பை வைத்துக் கணினியில் உருவாக்கிய பாத்திரம் அவன். எனக்கு அவன் மேல் பெரிய ஈர்ப்பு இல்லை. புத்தகத்தில் பயணமே ஆபத்தாக இருந்தது, யாரும் பின்னால் துரத்த வேண்டியிருக்கவில்லை.

கலாட்ரியல், சாருமான், முயல் வண்டி ஓட்டற ராடகாஸ்ட், இவங்களும் புதுசா சேர்த்ததா?

எல்ஃப் என்ற அழியா இனத்தின் அரசி கலாட்ரியலும் மந்திரவாதி சாருமானும் ஹாபிட் புத்தகத்தில் வரவே மாட்டார்கள். இன்னொரு மந்திரவாதியான ராடகாஸ்டின் பெயரை கேண்டால்ஃப் ஓர் இடத்தில் சொல்கிறார், அவ்வளவுதான். முயல்கள் இழுக்கும் சறுக்கு வண்டி முழுக்கப் படக்குழுவின் கற்பனை.

ஆனால் காற்றில் இருந்து பிடித்ததும் இல்லை. புத்தகத்தில் கேண்டால்ஃப் நடுவில் காணாமல் போவார், கடைசியில்தான் வெள்ளை மந்திரவாதிகளின் சபையோடு சேர்ந்து நெக்ரோமான்சர் என்ற தீயவனைத் துரத்தப் போயிருந்தார் என்று இரண்டு வரியில் தெரியும். அந்த நெக்ரோமான்சர் உண்மையில் லார்ட் ஆஃப் த ரிங்ஸின் பெரிய வில்லன் சாரோன் என்பதைப் பின்னாளில் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் சொன்னது. புத்தகம் மூடி வைத்த கதவைப் படம் திறந்து காட்டுகிறது. எல்ஃப்கள் வாழும் ரிவெண்டெலில் நடக்கும் ஆலோசனைக் காட்சியில் சாருமான் பேசிக்கொண்டே இருக்க, கலாட்ரியலும் கேண்டால்ஃபும் மனதாலேயே பேசிக்கொள்ளும் இடம் அழகு. சாருமானாக நடித்த கிறிஸ்டோபர் லீக்கு அப்போது வயது 89. நியூசிலாந்து வரை பயணிக்க முடியாது என்பதால் அவர் பகுதியை லண்டனிலேயே எடுத்தார்கள்.

வேற ஒரு டைரக்டர் எடுக்க வேண்டிய படமாமே?

ஆமாம். 2008இல் கியெர்மோ டெல் டோரோ இயக்குநராக அறிவிக்கப்பட்டார், நியூசிலாந்திலேயே தங்கி வேலை செய்தார். எம்ஜிஎம் ஸ்டுடியோவின் பண நெருக்கடியால் படம் தள்ளிக்கொண்டே போக, 2010 மே மாதக் கடைசியில் விலகிவிட்டார். தயாரிப்பாளராக மட்டும் இருக்க நினைத்த ஜாக்ஸன் இயக்குநர் நாற்காலிக்கு வந்தார். திரைக்கதையில் ஃபிரான் வால்ஷ், ஃபிலிப்பா போயன்ஸ், ஜாக்ஸன் பெயர்களோடு டெல் டோரோவின் பெயரும் இருப்பதைப் பார்க்கலாம். தொடங்குவதற்கு முன் ஜாக்ஸனுக்கு வயிற்றுப் புண்ணுக்கு அவசர அறுவை சிகிச்சை வேறு நடந்தது. முந்தைய முத்தொடருக்குக் கிடைத்த நீண்ட முன்தயாரிப்பு இதற்குக் கிடைக்கவில்லை, அது தெரியவும் செய்கிறது.

48 ஃபிரேம்னு அப்போ ஒரே பேச்சா இருந்ததே, அது என்ன?

பேசும் படம் வந்த காலத்திலிருந்து சினிமா ஒரு வினாடிக்கு 24 படங்கள் என்ற வேகத்தில்தான் ஓடுகிறது. இந்தப் படத்தை ஜாக்ஸன் 48 படங்களாக எடுத்தார், அதுவும் 3டியில். 3டியில் கேமரா வேகமாகத் திரும்பும்போது காட்சி துடித்துக் கண் வலிக்கும். இரு மடங்கு படங்கள் இருந்தால் அந்தத் துடிப்பு குறையும் என்பது அவருடைய கணக்கு. கணக்கு சரிதான். கழுகுகள் பறக்கும் காட்சியும் குகைப் பாலங்களில் ஓடும் காட்சியும் அந்த வேகத்தில் தெளிவாக இருந்தன.

ஆனால் 24 படங்களில் இருக்கும் மெல்லிய கலங்கல்தான் நமக்கு ‘சினிமா’ என்று பழகியிருக்கிறது. அது போனதும் பலருக்கு டிவி சீரியல் பார்ப்பதுபோல இருந்தது. ஒப்பனை ஒப்பனையாகவும் செட் செட்டாகவும் தெரிய ஆரம்பித்தது. நெருப்பு, மழை, தாடி எல்லாம் கண்முன் பளிச்சென்று நிற்க, மாய உலகம் மட்டும் கொஞ்சம் விலகிப் போனது. இன்று வீட்டில் பார்ப்பவர்கள் 24 பட வடிவத்தைத்தான் பார்க்கிறார்கள் என்பதால் இந்தக் குறை உங்களைத் தொடாது.

கேண்டால்ஃப் மட்டும் அவ்வளவு உயரமா எப்படித் தெரியறார்?

பழைய படங்களில் ஒரு தந்திரம் செய்தார்கள். உயரமாகத் தெரிய வேண்டியவரைக் கேமராவுக்குப் பக்கத்திலும் குள்ளமாகத் தெரிய வேண்டியவரைத் தள்ளியும் உட்கார வைத்து, ஒரே மேசையில் இருப்பதுபோல எடுத்தார்கள். 3டியில் இது பலிக்காது, யார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதை இரண்டு கேமராக்களும் காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் இரண்டு அரங்குகள் போட்டார்கள். ஒன்றில் பில்போவும் குள்ளர்களும், இன்னொன்றில் பச்சைத் திரைக்கு நடுவே கேண்டால்ஃபாக நடித்த இயன் மெக்கல்லன் தனியாக. ஒரு கேமரா அசைந்தால் மற்றதும் அதே கணக்கில் அசையும். மெக்கல்லன் முன்னால் குள்ளர்களின் புகைப்படங்களைக் கம்பங்களில் வைத்திருந்தார்கள். யார் பேசுகிறாரோ அந்தப் படத்துக்கு மேல் விளக்கு எரியும், அதைப் பார்த்து அவர் பேச வேண்டும். எதிரில் மனித முகம் இல்லாமல் நடிக்க நேர்ந்ததில் அந்தப் பெரிய நடிகர் மனம் உடைந்து அழுதுவிட்டார், அவரே இதைப் பின்னர் சொல்லியிருக்கிறார். விருந்துக் காட்சியை அடுத்த முறை பார்க்கும்போது, சிரித்துப் பேசும் அந்தக் கிழவர் அந்த அறையிலேயே இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

எங்க எடுத்தாங்க? அந்த ஹாபிட் ஊர் நிஜமாவே இருக்கா?

இருக்கிறது. நியூசிலாந்தின் வடக்குத் தீவில், மட்டமட்டா ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டுப் பண்ணை. முந்தைய முத்தொடருக்குப் போட்ட செட் தற்காலிகமானது. ஹாபிட்டுக்காக அதையே நிலைத்து நிற்கும் பொருட்களால் திரும்பக் கட்டினார்கள், இன்று சுற்றுலாத் தலமாக இருக்கிறது. வட்டக் கதவைத் திறந்தால் உள்ளே பில்போவின் வரவேற்பறை இருக்கும் என்று எண்ணிப் போனால் ஏமாறுவீர்கள். படத்தில் வந்த வீட்டின் உட்புறம் வெலிங்டன் ஸ்டுடியோவில் போட்டது.

இதில் கசப்பான பக்கமும் உண்டு. 2010இல் நடிகர் சங்கங்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் ஒப்பந்தம் தொடர்பாகத் தகராறு வந்தது. படம் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்ற அச்சத்தில் நியூசிலாந்து அரசு அவசர அவசரமாகத் தொழிலாளர் சட்டத்தையே திருத்தியது. திரைப்படத் தொழிலாளர்கள் பொதுவாக ஊழியர்கள் அல்ல, ஒப்பந்தக்காரர்கள் என்று ஆனது. அங்கே அதை ‘ஹாபிட் சட்டம்’ என்றே அழைத்தார்கள். கூட்டாகப் பேரம் பேசும் உரிமையைத் திருப்பித் தரும் சட்டம் 2022இல்தான் வந்தது. ஒரு படத்துக்காக ஒரு நாட்டின் சட்டம் வளைந்தது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

ஆஸ்கர் கிடைச்சதா?

மூன்று பரிந்துரைகள்: கலை வடிவமைப்பு, காட்சி விளைவுகள், ஒப்பனை. மூன்றிலும் கிடைக்கவில்லை. காட்சி விளைவுகளுக்கான விருது, புதுச்சேரியில் தொடங்கும் ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்குப் போனது.

எல்லாரும் அந்த விடுகதை சீனைப் பத்தியே பேசறாங்க. அதுல அப்படி என்ன இருக்கு?

இந்தப் படத்தில் ஒரே ஒரு காட்சியை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் அதைப் பாருங்கள். பூமிக்கடியில் ஒரு கருநிற ஏரி. வழி தவறிய பில்போவும், அதுவரை மோதிரத்தை வைத்திருந்த கோல்லம் என்ற விசித்திரப் பிறவியும் நேருக்கு நேர். பில்போ ஜெயித்தால் வழி காட்ட வேண்டும், தோற்றால் கோல்லம் அவரைத் தின்றுவிடும். ஆயுதம் விடுகதை. மலை, பல், முட்டை, காலம் என்று விடைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. போட்டி வைத்து விடுகதை போட்டு வளர்ந்த நமக்கு இந்த ஆட்டத்தின் விதியை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

படப்பிடிப்பு தொடங்கியதும் முதலில் எடுத்தது இந்தக் காட்சியைத்தான். பில்போவாக நடித்த மார்ட்டின் ஃப்ரீமனும் கோல்லமாக நடித்த ஆண்டி செர்கிஸும் முழுக் காட்சியையும் மேடை நாடகம்போலத் தொடர்ந்து நடித்தார்கள். செர்கிஸின் முகமும் உடலும் அங்கேயே, ஃப்ரீமனுக்கு எதிரிலேயே பதிவாயின. அதனால்தான் கணினியில் வரைந்த ஒரு பாத்திரமும் ஒரு மனிதனும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு பேசுவதாக நாம் நம்புகிறோம். மேலே சொன்ன இழுபறி, சிறுவர் கதையா பெருங்காவியமா என்பது, இந்த ஓர் இடத்தில் தானாகவே தீர்ந்துவிடுகிறது. விளையாட்டும் பயங்கரமும் ஒரே நேரத்தில் இருக்கின்றன, அளவும் சரியாக இருக்கிறது. ஃப்ரீமன் ‘ஷெர்லக்’ தொடருக்குப் போய்வர வேண்டும் என்பதற்காகப் படப்பிடிப்பையே இடையில் நிறுத்தி வைத்தார்கள். அது எவ்வளவு சரியான முடிவு என்பதற்கு இந்தக் காட்சியே போதும்.

“என் பையில என்ன இருக்கு”ங்கறது விடுகதையே இல்லையே? பில்போ ஏமாத்தி ஜெயிச்சுட்டார்தானே?

பில்போ கடைசியாகக் கேட்கும் கேள்வி அது, விடை மோதிரம். கோல்லமும் அதையேதான் கத்துகிறது! டோல்கீனும் இதை ஒத்துக்கொள்கிறார்: பழைய விதிப்படி அது சரியான விடுகதை இல்லை, ஆனால் கோல்லம் அதை ஏற்று விடை சொல்ல முயன்றதால் போட்டி செல்லும் என்பது அவருடைய பதில்.

இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. 1937 பதிப்பில் கோல்லம் நல்ல பிள்ளை. தோற்றால் மோதிரத்தையே பரிசாகத் தருவதாகச் சொல்லியிருக்கும். மோதிரம் காணாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டு, வழியும் காட்டி அனுப்பிவிடும். பின்னால் அந்த மோதிரம் உலகை ஆளும் தீய பொருளாக மாறியபோது, யாராவது அதை விருப்பத்தோடு பரிசாகத் தருவார்களா என்ற சிக்கல் வந்தது. டோல்கீன் அத்தியாயத்தை மாற்றி எழுதினார், 1951 பதிப்பில் அது சேர்ந்தது. பழைய வடிவத்தை என்ன செய்வது? அது பில்போ தன் உரிமையை நிலைநாட்டச் சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே இடம் கொடுத்துவிட்டார். படம் எடுத்துக்கொண்டது 1951 வடிவம்.

கழுகுகள் நேரா மலைக்கே கொண்டுபோய் விட்டிருக்கலாமே?

முடிவில் எல்லாரையும் காப்பாற்றித் தூக்கிச் செல்லும் கழுகுகள் ஏன் பாதி வழியில் விட்டுவிடுகின்றன என்பதற்குப் படத்தில் பதில் இல்லை, அது குறைதான். புத்தகத்தில் கழுகுகள் பேசும். மனிதர்கள் வாழும் பக்கம் வர மாட்டோம், ஆடு தூக்க வந்ததாக நினைத்துப் பெரிய வில்லால் அடிப்பார்கள் என்று கழுகரசன் தெளிவாகச் சொல்லிவிடுகிறான். அவர்கள் கேண்டால்ஃபின் வாகனங்கள் அல்ல, சொந்த மானமும் பயமும் உள்ள ஓர் இனம். அந்த நாலு வரி வசனத்தைப் படத்தில் வைத்திருந்தால் இந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

கடைசியில பில்போ வாளோட பாயறது சூப்பர் சீன். புத்தகத்துலயும் அப்படித்தானா?

இல்லை. அஸோக்கின் ஆட்களிடமிருந்து தோரினைக் காப்பாற்ற அவர் பாயும் அந்த இடத்தில் புத்தகத்துப் பில்போ உயிரைக் கையில் பிடித்தபடி மரத்தில் தொங்கிக்கொண்டிருப்பார். தனியாக நின்று வாளெடுப்பது பின்னால், இருண்ட காட்டில் சிலந்திகளோடு. முதல் படத்துக்கு ஒரு முடிவு வேண்டும் என்பதற்காக வீரத்தை முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். தோரின் அவரைக் கட்டிக்கொள்ளும் கணம் எனக்கும் பிடிக்கும், ஆனாலும் கொஞ்சம் அவசரம்.

என்னைக் கேட்டால் படத்தின் உண்மையான உச்சம் அதற்குக் கொஞ்சம் முன்பே வந்துவிடுகிறது. மோதிரம் அணிந்து மறைந்து நிற்கும் பில்போ, கோல்லத்தின் கழுத்துக்கு நேரே வாளை ஓங்கிவிட்டு, அந்தத் தவிக்கும் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறார். வசனம் இல்லை, இரண்டு முகங்கள் மட்டும். லார்ட் ஆஃப் த ரிங்ஸின் முடிவு முழுக்க இந்த இரக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

கேண்டால்ஃப் நீல மந்திரவாதிகள் ரெண்டு பேர் பெயரை மறந்துட்டேங்கறார். ஏன் அப்படி ஒரு வசனம்?

கூர்ந்து பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி. அந்த இருவருக்கும் பெயர் உண்டு, ஆனால் அது டோல்கீன் மறைந்த பிறகு 1980இல் வெளியான ‘அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்’ நூலில் இருக்கிறது. டோல்கீன் 1969இல் விற்ற திரைப்பட உரிமை ஹாபிட்டுக்கும் லார்ட் ஆஃப் த ரிங்ஸுக்கும் மட்டும். மற்ற நூல்களில் இருந்து ஒரு பெயரைக்கூட எடுக்க முடியாது. அஸோக்கின் பகையைப் பின்னிணைப்பில் இருந்து எடுக்க முடிந்ததும், இந்தப் பெயர்களை எடுக்க முடியாததும் அதே எல்லைக்கோட்டால்தான்.

நீளமான பதிப்பு ஒண்ணு இருக்காமே, அதைப் பார்க்கணுமா?

182 நிமிடம், 13 நிமிடம் கூடுதல். சிறுவன் பில்போ கேண்டால்ஃபைச் சந்திப்பது, ரிவெண்டெல் நீரூற்றில் குள்ளர்கள் குளிப்பது, காப்ளின் அரசனின் பாட்டு எல்லாம் அதில் உண்டு. பில்போவும் ரிவெண்டெலின் தலைவர் எல்ரண்டும் தனியாகப் பேசும் காட்சி நன்றாக இருக்கும். முதல் தடவைக்கு வேண்டாம், ஏற்கெனவே நீளம்தான்.

ஃபெல்லோஷிப் படத்தோட ஆரம்பத்துல பில்போ மோதிரத்தை எடுக்கற சீன் வேற மாதிரி இருக்கே? எது சரி?

இரண்டும் ஒட்டாது, உண்மைதான். லார்ட் ஆஃப் த ரிங்ஸின் முதல் படமான 2001 ‘ஃபெல்லோஷிப்’பில் பில்போவாக வரும் இயன் ஹோம் தரையில் கைவைத்து மோதிரத்தை எடுப்பார். 2012 படத்தில், காப்ளினோடு கோல்லம் மல்லுக்கட்டும்போது மோதிரம் தவறி விழுவதை ஃப்ரீமனின் பில்போ மறைந்திருந்து பார்க்கிறார். புத்தகத்துக்கு நெருக்கம் பழைய படம்தான்: கும்மிருட்டில் தவழும்போது தற்செயலாகக் கை மோதிரத்தில் படும், அது யாருடையது என்றே அப்போது தெரியாது.

புதிய வடிவத்தில் இழப்பு உண்டு. விழுவதைப் பார்த்துவிட்டு எடுக்கும் பில்போவுக்கு, “என் பையில் என்ன” என்று கேட்கும்போதே அது யாருடையது என்று கிட்டத்தட்டத் தெரிந்திருக்கும். அப்போது அவர் கேட்பது தடுமாற்றத்தில் வாய்தவறி வந்த கேள்வியா, தெரிந்தே செய்த தந்திரமா? ஃப்ரீமன் அதைத் தடுமாற்றமாகத்தான் நடித்திருக்கிறார், நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.